இருபத்திரண்டு மைல்

என் அண்ணனின் காரைப் பற்றி நான் சொல்லாத பொய் இல்லை. ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் நான். கீழே ஏறுகிறவர் மேலே இறங்குவதற்குள் கதையை முடித்தாக வேண்டும். ஐந்தாவது மாடிக்காரர்களுக்கு முடிவு தெரியாமலே போய்விடும். அந்த ஒரு காரணத்துக்காக இரண்டு பேர் ஏழாவது மாடி ஆபீசுக்கு வேலை மாற்றிக்கொண்டார்கள்.

அதிகம் ஓடியது பதினொரு மைல் கதைதான். மலை உச்சியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை பதினொரு மைல், இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் அந்தக் காரை இறக்கிக்கொண்டு வந்தேன் என்பது கதை. வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். கார் நிற்கிற மனநிலையில் இல்லை. சத்தமே வராததால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். நிச்சயப்படுத்திக்கொள்ள அவரே ஏறி உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது வளைவில் நான் இறங்கி ஒரு டீ குடித்தேன். குறுக்கே நடந்து நான்காவது வளைவில் மறுபடி ஏறிக்கொண்டேன். டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ்காரரும் டீயும் பொய். பதினொரு மைல் பொய் இல்லை. அது நடந்த தேதியை மட்டும் முப்பத்தொரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கப்சாவுக்கு யார் தேதி கேட்பார்கள்?

அது கறுப்புக் கார். நான் முதலில் பார்த்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. அண்ணனுக்குத் தராசு பழுது பார்க்கும் தொழில். எடைக்கல் பெட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய், தட்டுகளைச் சமப்படுத்தி, முத்திரை வைத்துவிட்டு வருவார். அரை குண்டுமணி வித்தியாசம் இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு.

அந்தக் காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. அதை உள்ளே தள்ளினால் ஓவர்டிரைவ் தயார். முப்பது மைல் வேகம் வந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை ஒரு நொடி எடுக்க வேண்டும். எங்கோ கீழே 'டக்' என்று கேட்கும். அதுவரை கத்திக்கொண்டிருந்த இன்ஜின் வேகம் குறையாமலே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். இன்னொரு குணமும் அதோடு சேர்ந்து வரும். வேகம் குறைவாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடுமே, அப்படி. ஃப்ரீவீல் என்பார்கள். கிளட்சை மிதிக்காமலே கியர் மாற்றலாம். சமவெளியில் அது சொகுசு. இறக்கத்தில் எமன்.

ஏனென்றால் கைப்பிடி உள்ளே இருக்கும்வரை, கியர் போட்டு நிறுத்தினாலும் கார் முன்பக்கம் உருள்வதை அந்தக் கியர் தடுக்காது. கைப்பிடியை வெளியே இழுத்தால்தான் கியர் பிடிக்கும். எங்கள் வீடோ சரிவில் இருந்தது. மேலே ஷெட், கீழே இரும்பு கேட், நடுவில் இருபது அடி வைத்தால் தீர்ந்துவிடும் பாதை. கைபிரேக் பழசு. எனவே அண்ணனுக்கு ஒரு முறை இருந்தது. வண்டியைக் கேட்டைப் பார்க்க நிறுத்தியதும் கைப்பிடியை இழுப்பார், முதல் கியரைப் போடுவார், கைபிரேக்கையும் போடுவார். பிறகு டாஷ்போர்டு அறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தேதியையும் மீட்டர் காட்டும் மைலையும் எழுதுவார். பக்கத்தில், கைப்பிடியை இழுத்ததற்கு ஒரு டிக். கடைசிக் கட்டத்தில் ஓட்டியவர் பெயர். அதில் முதல் பக்கத்தில் எழுதிய 'நான்'தான். அதற்குக் கீழே பக்கம் பக்கமாக மேற்படி, மேற்படி. வேறு யாருக்கும் அவர் சாவி கொடுத்ததில்லை. எனக்கு நிச்சயமாக இல்லை.

பதினொரு மைல் கதையை முதலில் வெறும் பொய்யாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாடி வக்கீல் ஒருநாள் லிஃப்டில் எல்லார் முன்னாலும், "சாட்சி உண்டாய்யா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ரோஷம் வந்தது. சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அடுத்த லீவு நாளில், அண்ணன் காலை வேலையை முடித்துக் காரை ஷெட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தன் தராசுக் கடைக்கு நடந்து போனதும், அண்ணி பக்கத்து வீட்டுக்குத் தையல் மெஷினில் ஏதோ அடிக்கப் போனதும், ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன்.

மேலே போனபோது நண்பகல். தொட்டியடியில் வண்டியைத் திருப்பி, கைப்பிடியை உள்ளே தள்ளி, இன்ஜினை அணைத்தேன். அந்த அமைதியை இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது எனக்கு. டயர் ரோட்டை உரசுகிற சத்தம், கண்ணாடி ஓரமாகக் காற்று, அவ்வளவுதான். இரண்டு டன் இரும்பு, மேகம் மாதிரி இறங்கியது. பிரேக் லேசாகக் கருகிய வாடை அடித்தது. நான் கவலைப்படவில்லை. எனக்கு நாற்பத்தைந்து வயது, புத்தி பதினைந்து. வீட்டுக்கு வந்து, எடுத்த இடத்திலேயே நிறுத்தினேன். செலவான பெட்ரோலுக்கு ஒரு கேன் ஊற்றினேன். முதல் கியரைப் போட்டேன். கைபிரேக்கை இழுத்தேன்.

கைப்பிடி உள்ளேயே இருந்தது.

மாலை நாலு மணிக்கு அண்ணன் கடையிலிருந்து வந்தார். மறுநாள் வேலைக்கான எடைக்கல் பெட்டியைக் காரின் பின்பக்கம் வைத்து மூடியை அடித்துச் சாத்தினார். அந்த அதிர்ச்சியில் பழைய கைபிரேக் நழுவியது. கியர் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அண்ணி கீழே கேட் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றார், முதுகைக் காட்டியபடி. இன்ஜின் ஓடியிருந்தால் சத்தம் கேட்டுத் திரும்பியிருப்பார். மத்தியானம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்த அதே அமைதி.

மாடியிலிருந்து நான் ஓடி வந்தபோது அண்ணன் காரின் கதவைத் திறந்து உள்ளே குனிந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தள்ளியிருக்குடா," என்றார். "நான் இழுக்கல."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பத்துப் பேர் வந்து காரைத் தூக்கத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்று ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தேன். அண்ணி ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த அன்று, அண்ணன் தன் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"இழுக்காததுக்கு டிக் போட்டிருக்கேன்," என்றார். "கை தன்னால போட்டிருக்கு. இந்தக் கையை நம்பி ஊர்க்காரன் எடை வாங்கலாமா?"

அதன் பிறகு பத்தொன்பது வருஷம் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணினார். கார் ஷெட்டுக்குள் போனது, பூட்டு விழுந்தது. அவர் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்கவில்லை. அந்த நோட்டைத் திறக்கவும் இல்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணியின் இடது காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்ப்பார். காய்ச்சலாக இருந்தாலும் தேய்ப்பார். முப்பத்தொரு வருஷம். நான் அதே வீட்டு மாடியில் இருந்தேன், அதே மேஜையில் சாப்பிட்டேன், மறுநாள் லிஃப்டில் போலீஸ்காரரை ஏற்றி இறக்கினேன்.

போன மாதத்துக்கு முந்தின மாதம், அவர்கள் மகள் போனில் பேசி ஏற்பாடு செய்தாள். அம்மாவால் இனிமேல் வாசல் படி ஏற முடியாது. ஷெட்டை இடித்துத் தரையோடு ஓர் அறை கட்டலாம். பழைய இரும்புக்காரர் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்து காரை எடுத்துப் போவார். அண்ணன் சரி என்றார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. காரோடு அதன் மீட்டரும் போகிறது. வக்கீல் கேட்ட சாட்சி அது ஒன்றுதான். அது போய்விட்டால் நான் சாகும்வரை நிம்மதியாகச் சாப்பிடலாம். அண்ணன் நிம்மதியில்லாமலே சாவார். அவருக்கு எண்பது வயது. அதிக நேரம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ரொட்டியும் காப்பியும் மேஜையில் இருந்தன.

"அண்ணே," என்றேன். "அந்தக் கைப்பிடியைத் தள்ளினது நான்."

"எந்தக் கைப்பிடி?"

"கார் கைப்பிடி. அன்னைக்கு மத்தியானம் நீங்க கடைக்குப் போனப்புறம் நான் வண்டிய எடுத்துட்டுப் போனேன். தண்ணித் தொட்டி வரைக்கும்."

அண்ணி காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பதினொரு மைலா?"

"ஆமாம் அண்ணி."

"போலீஸ்காரரும் வந்தாரா?"

"இல்ல அண்ணி. அவர் பொய்."

"அய்யய்யோ, நல்ல மனுஷனாச்சே!"

அண்ணன் சிரிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "டேய், வண்டி போகுதேன்னு எனக்குச் சங்கடமா இருக்கும்னு ராத்திரி பூரா உக்காந்து கதை கட்டியிருக்கே. உனக்கு நல்ல மனசுடா. ஆனா இதுல வேணாம். இதுல மட்டும் விளையாடாதே."

அவர் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்க்கையில் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அதுதான் நான் சொன்ன பொய்களிலேயே அன்பான பொய்யாக அவருக்குப் பட்டது.

"நோட்டைப் பாருங்க," என்றேன். "நீங்க எழுதின மைலையும் பாருங்க, மீட்டரையும் பாருங்க. அன்னைக்கப்புறம் வண்டி ஓடல. ரெண்டும் ஒண்ணா இருந்தா நான் சொல்றது பொய்."

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு அவர் சுவரில் தொங்கிய ஷெட் சாவியை எடுக்கப் போனார்.

மூன்று பேரும் போனோம். அண்ணி ஊன்றுகோலோடு பின்னால் வந்தார். ஷெட்டுக்குள் தூசி ஒரு விரல் கனம். அண்ணன் கார்க் கதவைத் திறந்து, உட்காராமல், வெளியிலிருந்தே குனிந்து, சட்டை நுனியால் மீட்டரைத் துடைத்தார். 61,430. டாஷ்போர்டு அறையில் நோட்டு இருந்தது; ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரியைப் பார்த்தார். 61,408. பக்கத்தில் டிக். மேற்படி.

மறுபடி மீட்டரைப் பார்த்தார். மறுபடி நோட்டை. தராசின் முள் நிற்பதற்குக் காத்திருக்கிறவரைப் போல இருந்தார்.

"இருபத்திரண்டு," என்றார்.

"போக பதினொண்ணு, வர பதினொண்ணு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணிதான் பார்த்தார்.

"ஏன் தம்பி சொல்லல?"

எனக்கு ஒரு கதையும் வரவில்லை. "பயம் அண்ணி."

"எதுக்குப் பயம்? உங்க அண்ணன் உன்னைக் கொன்னா போட்டுடுவாரு?"

"வீட்ட விட்டுப் போகச் சொல்லிடுவீங்கன்னு."

அண்ணி ஊன்றுகோலைத் தரையில் ஒருமுறை தட்டினார். "சொல்லியிருப்பேன்," என்றார். "ஒரு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டிருப்பேன். இந்த மனுஷன் முப்பது வருஷமா வீட்டுக்குள்ளேயே இருந்தும் வரலையே."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டைக் காரின் கூரை மேல் வைத்து, கடைசி வரிக்குக் கீழே அந்தப் பழைய நாளின் தேதியையே மறுபடி எழுதினார். 61,430. டிக்குக்கான கட்டத்தைக் காலியாக விட்டார். ஓட்டியவர் கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினார். அந்த நோட்டில் மேற்படி இல்லாத இரண்டாவது வரி அது.

பதினொரு மணிக்கு இரும்புக்காரர் லாரியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். டயர்களுக்குக் காற்று அடித்தார்கள். அண்ணி கேட் பக்கம் போய் நின்று வேடிக்கை பார்த்தார்.

"நீ அங்க நிக்காதே," என்றார் அண்ணன். சத்தமாக இல்லை. அண்ணி நகர்ந்து சுவரோரம் வந்தார்.

அண்ணன் காருக்குள் ஏறினார். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு. கிளட்சை மிதித்து, முதல் கியரைப் போட்டார். கைப்பிடி உள்ளேதான் இருந்தது, அதைத் தொடவில்லை. இறங்கி வந்து, "இப்பத் தள்ளுங்க. மெதுவா. ரெண்டடிதான்," என்றார்.

தள்ளினார்கள். கியரில் இருந்த கார் தொட்டில் மாதிரி நகர்ந்தது. "போதும்," என்று சொல்லி, சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தார். அண்ணி காலுக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டியை எடுத்து வரச் சொல்லி, கைப்பிடி உள்ளே போகிற இடத்தில் நாலு சொட்டு விட்டார். இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது. கல்லை எடுத்தார்.

"இப்பத் தள்ளுங்க."

இரண்டு பேரும் தள்ளினார்கள். இரும்புக்காரரும் சேர்ந்துகொண்டார். நான் சேர்ந்துகொள்ளவில்லை, எனக்கு அருகதை இல்லை.

"ஐயா, அசைய மாட்டேங்குதே," என்றார் இரும்புக்காரர். "ஏதோ பிடிக்குது."

"பிடிக்குதா?"

"மலை மாதிரி பிடிக்குது."

"இன்னொரு தரம் தள்ளுங்க."

"எதுக்குங்க? அதான் பிடிக்குதுன்னு…"

"தள்ளுங்க, சொல்றேன்."

மூன்று முறை தள்ளச் சொன்னார். மூன்று முறையும் கார் அசையவில்லை. அண்ணன் சுவரோரம் பார்த்து, "பிடிக்குது," என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி தலையாட்டினார். பிறகு அண்ணன் கியரை எடுத்துவிட்டார். காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோட்டு மட்டும் அவர் கையில் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் எண்ணெய்ப் புட்டியை என் முன்னால் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். புரிந்துகொண்டேன். அண்ணியின் காலடியில் உட்கார்ந்தேன்.

மறுநாளும் புட்டி வந்தது. அதற்கு மறுநாளும். மேஜையில் எதிரெதிரே சாப்பிட்டோம். உப்பு வேண்டுமென்றால் அண்ணியிடம் கேட்பார். ஷெட்டை இடித்தார்கள், அறையைக் கட்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். அண்ணன் பேசவில்லை. ஆறு மணி ஆனால் அவர் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்துமூன்றாவது நாள், புது அறையில், அண்ணி காலை இழுத்துக்கொண்டார்.

"எண்ணெய் தேய்க்கிறியா, லிஃப்டுக்குப் பட்டன் அமுக்குறியா? மூணாவது மாடில எறங்கிக்கவா?"

"பழகிடும் அண்ணி."

"எப்ப? எனக்கு எழுபத்தேழு ஆகுது."

அறை வாசலில் நின்ற அண்ணன் உள்ளே வந்தார். என் பக்கத்தில் நின்றார். என் தலைக்கு மேலே அவர் மூச்சு கேட்டது.

"நகரு," என்றார். "முட்டிக்குக் கீழ கட்டைவிரலால அமுக்கணும். உனக்குத் தெரியாது."

நகர்ந்தேன். அவர் மெல்ல உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து போகலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டார்: "அன்னைக்கு மேலேருந்து எப்படி வந்தே? சொல்லு. போலீஸ்காரன் வேணாம்."

சொன்னேன். தொட்டியில் திருப்பியது, இன்ஜினை அணைத்தது, காற்று, பிரேக் வாடை. டீ இல்லை, குறுக்கு வழி இல்லை. இரண்டு மாடி உயரத்திலேயே கதை தீர்ந்துவிட்டது.

அண்ணன் காலைத் திருப்பி வைத்தார்.

"பாலம் தாண்டினதும் ஒரு மேடு வருமே. அங்க?"

லிஃப்டில் யாரிடமும் சொல்லாத இடம் அது.

"இன்ஜின் போட்டேன் அண்ணே."

"போடாம ஏறாது," என்றார் அண்ணன்.